அறுபதினாயிரம் கிலோமீற்றர் ஓடிய ஸ்கூட்டர்

எஹலியகொட பகுதியிலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கின்றார். 2018ஆம் ஆண்டில் வாங்கிய ஸ்கூட்டர் அவருடையது. அதன் மீற்றர் அறுபதினாயிரம் கிலோமீற்றரை எட்டிவிட்டது. காலையில் மகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, அங்கிருந்து சீதாவக்கை ஏற்றுமதி வலயத்துக்கு வேலைக்குப் போய், மாலையில் கடைச் சாமான்களுடன் தோட்டத்துக்குத் திரும்புவது அவரது அன்றாட வழக்கம். அண்மையில் கராஜ் ஒன்றில், "எஞ்சினைக் கழற்ற வேண்டும், அதற்குச் செலவிடும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு வேறு வண்டி பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். விற்பதா, வைத்திருப்பதா என்பதே அவர் கேள்வி. "வண்டி நின்றால் என் வேலையும் நின்றுவிடும்" என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கின்றார். அந்த ஒரு வரிக்காகவே இக்கிழமை நமது பகுதி முழுவதையும் இவ்விஷயத்துக்கு ஒதுக்கத் துணிந்தோம்.

இந்தச் சகோதரி ஒருவருடைய பிரச்சினையாக மட்டும் இதனைக் கருதுவதற்கில்லை. 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரி வரையில் நீண்ட களனிப் பள்ளத்தாக்குச் சிறு ரயில் ஒரு காலத்தில் எஹலியகொடையையும் தொட்டுச் சென்றது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பாதை 1970களில் கைவிடப்பட்ட பின்னர் பெருந்தெருவில் பஸ்ஸும், தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் சொந்தக் கால்களுமே கதியாயின. பெண்கள் பலர் ஸ்கூட்டி ஓட்டத் தொடங்கியது அண்மைக் காலத்து மாறுதல். வரவேற்க வேண்டிய மாறுதலுங்கூட. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். திறந்த வழியிலும் வரி மலைபோல் நிற்கின்றது. ஆகவே இன்று வீதியில் ஓடும் ஸ்கூட்டர்களிற் கணிசமானவை வயது முதிர்ந்தவை. வேறு வாங்க வசதியின்றிக் காப்பாற்றப்பட்டு வருபவை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். மீற்றரிற் காணும் இலக்கம் ஒரு நோயன்று. ஒழுங்காக ஒயில் மாற்றப்பட்ட சிறிய நான்கு வீச்சு எஞ்சின் அறுபதினாயிரத்தைக் கடந்தும் நன்றாகவே ஓடும். ஒயில் இன்றி ஓட்டப்பட்ட எஞ்சின் இருபதினாயிரத்திலேயே கிழடு தட்டிவிடும். எனவே எஞ்சினைக் கழற்றச் சம்மதிக்குமுன் அதன் உண்மை நிலையை அறிந்துகொள்வது அவசியம்.

சகோதரி குறிப்பிடும் அறிகுறி புகை. காலையில் எஞ்சினை எழுப்பியவுடன் சிறிது நேரம் நீலப்புகை வருகின்றது; பின்னர் நின்றுவிடுகின்றது என்கின்றார். நீலப்புகை என்றால் ஒயில் எரிகின்றது என்று பொருள். ஆனால் அது எப்போது வருகின்றது என்பதிலேதான் விஷயம் இருக்கின்றது. இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் மட்டும் ஒருமுறை புகைத்து ஓய்ந்தால், பெரும்பாலும் வால்வுத் தண்டுகளிலுள்ள சிறு இறப்பர் முத்திரைகள் காய்ந்து போயிருக்கும். அவை விலை குறைந்த பொருள்கள். அவற்றை மாற்றப் பிஸ்டனைத் தொடவேண்டியதில்லை. மாறாக, ஏற்றத்தில் அக்ஸிலரேற்றரைத் திருகும்போதெல்லாம் நீலப்புகை பின்தொடர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன என்று சந்தேகிக்கலாம். கரும்புகை வேறு கதை: காற்று வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் பாயும். மழைக்காலத்துக் காலை வேளையில் சிறிதே தோன்றி மறையும் வெள்ளை ஆவி வெறும் ஈரம், அதற்கு அஞ்சவேண்டாம்.

சந்தேகம் தீராவிடில் அழுத்தப் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, அக்ஸிலரேற்றரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினைச் சுழற்றுவார்கள். அழுத்தம் குறைவாயிருந்தால் அதே துவாரத்தில் ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடியும் பார்க்கவேண்டும். ஒயில் விட்டதும் அழுத்தம் உயர்ந்தால் குறை வளையங்களில், உயராவிடில் வால்வுகளில். கால் மணி நேரத்தில் முடியும் காரியம் இது. இதைச் செய்யாமலே எஞ்சினைப் பிரிக்கவேண்டும் என்று கூறுபவரிடம், "முதலில் அழுத்தம் பார்த்துச் சொல்லுங்கள், பாஸ்" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. பணம் கொடுப்பவர் நாமல்லவா?

வால்வு பற்றி இன்னொன்று. பழைய எஞ்சினில் "டிக், டிக்" என்ற ஓசை கேட்டால் பலர் கலங்குகின்றனர். சற்றே ஓசையிடும் வால்வினால் உடனடியாக ஆபத்து நேராது. ஓசையே இல்லாமல் இறுகிப்போன வால்வுதான் கெடுதி செய்வது. வால்வு தன் இருக்கையில் முழுதாக அமராமையால் சூடு வெளியேற வழியின்றி அதன் விளிம்பு கருகும். காலையில் எஞ்சின் எழும்ப மறுக்கும். ஆகவே வால்வு இடைவெளியை ஓர் ஒழுங்கில், எஞ்சின் நன்கு ஆறியிருக்கும்போது அளந்து திருத்துவித்தல் வேண்டும். வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சுடச்சுடக் கொடுத்தால் அவ்வேலை சரியாகாது. முதல் நாள் மாலையிலேயே விட்டு வருவது உத்தமம்.

ஒயில் விஷயத்தில் நாம் சிறிது கண்டிப்பாகவே பேசுவோம். இவ்வகை எஞ்சின்களில் ஒரு லீற்றருக்கும் குறைவான ஒயிலே இருக்கின்றது. அதில் கால்பங்கு எரிந்து போனாலும் எஞ்சினுக்குப் பெரிய நட்டம். வயதான எஞ்சின் ஒயிலைச் சிறிது குடிக்கவே செய்யும். அது குற்றமன்று, பார்க்காமல் விடுவதே குற்றம். கிழமைக்கொரு தடவை, சமதரையில் நடுத்தாங்கியில் வண்டியை நிறுத்தி, அளவுக்கோலைத் துடைத்து இட்டு எடுத்துப் பாருங்கள். சில வண்டிகளில் கோலைத் திருகாமல் வெறுமனே இட்டுப் பார்க்கவேண்டும். திருகிப் பார்த்தால் இல்லாத ஒயில் இருப்பதாகக் காட்டும். உங்கள் வண்டியின் கைநூலில் எவ்வாறு கூறியிருக்கின்றது என்பதை ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். கைநூல்கள் நீண்ட இடைவெளிகளைக் கூறினாலும், மழையும் ஏற்றமும் குறுந்தூர ஓட்டமும் சேர்ந்த நம் பகுதியில் முதிர்ந்த வண்டிக்கு மூவாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில் மாற்றுவதே நமது சிபாரிசு. ஒயிலைத் தவிர்த்து மிச்சம் பிடித்த காசு பிறகு பிஸ்டனுக்குப் போய்விடும்.

எந்த ஒயில் என்பதிலும் கவனம் தேவை. மோட்டார் சைக்கிளில் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலிலேயே மூழ்கியிருப்பதால், அவை வழுக்காதிருக்கும்படி செய்த ஒயிலுக்கு ஜப்பானியர் "எம்.ஏ." என்று தரம் குறித்தனர். ஸ்கூட்டரின் கிளச் ஒயிலுக்கு வெளியே உலர்ந்தே இருக்கின்றது. ஆகையால் அதற்கு உராய்வு குறைந்த "எம்.பி." தரமே பொருத்தம். போத்தலின் பின்புறத்தில் இவ்வெழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். அவசரத்துக்கு எம்.ஏ. ஊற்றினால் எஞ்சின் கெட்டுவிடாது. எனினும் எப்போதும் அதையே ஊற்றவேண்டாம். வெஸ்பாவும் லம்பிரெற்றாவும் ஆட்சி செய்த காலத்து இரண்டு வீச்சு எஞ்சினுக்குப் பெற்றோலோடு ஒயில் கலந்து ஊற்றினோம். அந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய வண்டியின் பெற்றோல் தாங்கியிலும் சிறிது ஒயில் விடும் பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கின்றனர். அவர்களை அன்போடு தடுத்துவிடுங்கள்.

இன்னோர் ஒயிலும் உண்டு. அதனைப் பெரும்பாலோர் மறந்தே போகின்றனர். பின் சக்கரத்தின் அருகே பற்சக்கரப் பெட்டியொன்று இருக்கின்றது. அதற்குள் ஏறக்குறைய ஒரு தேநீர்க் குவளை அளவு கியர் ஒயில்தான் இருக்கும். அறுபதினாயிரம் ஓடியும் ஒருமுறைகூட அதை மாற்றாத வண்டிகள் உண்டு. வெள்ளத்தில் இறங்கிய வண்டியில் இந்த ஒயில் பால் கலந்த தேநீர்போல் நிறம் மாறியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அறிக, தாமதியாமல் மாற்றவேண்டும்.

இனி, சகோதரி "இழுவை இல்லை" என்று எழுதியிருப்பதற்கு வருவோம். "எஞ்சின் உறுமுகின்றது, வண்டி நகர்வதில்லை, புறப்படும்போது உதறுகின்றது" என்கின்றார். இதற்கு எஞ்சினைக் குறைகூறுவது பெரும்பாலும் அநியாயம். கியரில்லாத ஸ்கூட்டரில் எஞ்சினின் பலத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது ஓர் இறப்பர்ப் பெல்ட். முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு கப்பிகள். ஒவ்வொன்றும் எதிரெதிராக வைத்த இரு கூம்புத் தட்டுகள். எஞ்சின் வேகம் கூடும்போது முன் கப்பிக்குள் இருக்கும் சிறு உருளைகள் வெளிப்புறமாக வீசப்பட்டுத் தட்டுகளை நெருக்குகின்றன. நெருக்கப்பட்ட பெல்ட் கப்பியின் விளிம்பை நோக்கி ஏறுகின்றது. பின் கப்பியில் அது உள்ளே இறங்குகின்றது. கியர் மாற்றுவதாகிய காரியம் இவ்வாறு கை படாமலே நடக்கின்றது. 1958ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் டாஃப் நிறுவனம் தனது சிறு மோட்டார் காரில் இம்முறையைப் புகுத்தியது. இந்தியாவில் 1984ஆம் ஆண்டளவில் வந்த கைனெற்றிக் ஹொண்டாவும், 2001இல் வந்த அக்டிவாவும் இதனை நம் வீட்டு வாசல்வரை கொண்டுவந்தன.

அந்தப் பெல்ட் தேயும், தேய்ந்து ஒடுங்கும், ஓரங்களில் வெடிப்பு விடும். உருளைகளும் ஒரு பக்கம் தட்டையாகிப்போகும். அப்போது எஞ்சின் உறுமும், வண்டி மெதுவாகவே போகும். பெல்ட்டின் ஆயுள் சாதாரணமாக இருபதினாயிரம் முதல் இருபத்தைந்தாயிரம் கிலோமீற்றர் வரை என்று கொள்ளலாம். ஏற்ற இறக்கத்தில் அதற்கு முன்னரே பார்ப்பது நல்லது. அறுபதினாயிரத்தில் இரண்டாவது பெல்ட்டும் முடிவைக் கடந்திருக்கவேண்டும். அது அறுந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இருள் சூழ்ந்த தோட்டத்துப் பாதையில் பெண்ணொருத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதை எண்ணிப் பார்த்தால், பெல்ட்டின் விலை நமக்குப் பெரிதாகத் தோன்றாது. புறப்படும்போது உண்டாகும் உதறலுக்கோ கிளச் துண்டுகள் பளபளப்பேறிப்போனதும், மூடியினுள் தூசியும் சேறும் சேர்ந்ததும் காரணமாகலாம். அப்பெட்டியைத் திறந்து துப்புரவு செய்கையில் கிரீஸோ ஒயிலோ பெல்ட்டில் படாதிருக்கவேண்டும். பட்டால் புதுப் பெல்ட்டும் வழுக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேக். சபரகமுவைத் தோட்டப் பகுதிகளில் வாழ்வோர் இவ்விஷயத்தில் ஒரு நுட்பத்தை அறிந்திருக்கவேண்டும். கியருள்ள மோட்டார் சைக்கிளை இறக்கத்தில் தாழ்ந்த கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஸ்கூட்டரில் அந்தப் பிடி சொற்பம். எஞ்சின் வேகம் குறைந்ததும் கிளச் தானாகவே விடுபட்டுவிட, வண்டி தடையின்றி உருளத் தொடங்குகின்றது. உச்சியில் நின்று புறப்படும்போது அக்ஸிலரேற்றரைத் தொடாமலே இறங்கினால் கிளச் பிடிப்பதே இல்லை. முழுப் பாரமும் இரண்டு பிரேக்குகளின் மேல் விழும். ஆகவே இறக்கத்தின் தொடக்கத்திலேயே சிறிது முடுக்கி, கிளச் பிடித்த பின்னர் விட்டுவிடுங்கள். ஓரளவேனும் எஞ்சின் கைகொடுக்கும். பெற்றோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கும் வழக்கம், 2022இல் கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளொன்றுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றிருந்த நாள்களில் பலருக்குத் தொற்றிக்கொண்டது. இது மிகவும் அபாயகரமான சிக்கனம். இருக்கும் சிறு பிடியும் போய்விடும். பல வண்டிகளில் முன் விளக்கும் அணைந்துவிடும்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே வந்தால் பிரேக் பறை சூடேறி, கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நிற்காத நிலை உண்டாகும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டுவிட்டு, உறுதியாகப் பிடிக்கவேண்டும். மழைத் தண்ணீரைக் கடந்து வந்தவுடன் பிரேக்கை மெல்லப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டி உள்ளே புகுந்த ஈரத்தை உலர்த்திக்கொள்ளுங்கள். அதன் பின்னரே அதை நம்புங்கள். பின் பிரேக்கின் கையருகே தேய்வைக் காட்டும் சிறு அம்புக்குறி பல வண்டிகளில் உண்டு. பிரேக்கைப் பிடிக்கும்போது அம்பு எதிரே உள்ள குறியை எட்டினால் பிரேக் சூ முடிந்தது. திருகாணியை முறுக்கி முறுக்கி நாளைக் கடத்துவது அதன் பிறகு உதவாது. பிரேக்கைத் திறந்தால் உள்ளேயிருக்கும் தூளை வாயால் ஊதவேண்டாம். பழைய சூக்களில் கல்நார் கலந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் போதும்.

டயரைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. ஸ்கூட்டரின் சக்கரம் சிறிது, ஆதலால் ஒரே தூரத்துக்கு அது மோட்டார் சைக்கிளின் சக்கரத்தைவிட அதிக தடவை சுழலும், விரைவில் தேயும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாங் கிழமையிற் செய்தது என்று பொருள். இறக்குமதி தடைப்பட்ட காலத்தில் கடைகளிற் கிடந்து காய்ந்த டயர்களும் விற்பனைக்கு வந்தன. வாங்குமுன் இவ்விலக்கத்தைப் படித்துப் பாருங்கள். சுவடு நன்றாயிருந்தாலும் பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றிய டயர் மழைத் தெருவுக்கு ஆகாது.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். ஒயில் பூச்சுள்ள காகிதக் காற்று வடிகட்டியைக் காற்றடித்துத் துப்புரவு செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். பிளக்கின் முனை வெளிறிய மண் நிறமாயிருந்தால் எல்லாம் நலம். கிக்கரைக் கிழமைக்கு ஒரு தடவையேனும் மிதியுங்கள்; இல்லாவிடில், பற்றரி கைவிடும் நாளில் கிக்கரும் துருப்பிடித்துக் கைவிட்டிருக்கும். இரத்தினபுரிப் பக்கத்தில் ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றருக்கு மேல். அந்த ஈரம் பிளாஸ்ரிக் மூடிகளுக்குள்ளே மறைந்திருக்கும் இரும்புச் சட்டத்தைத்தான் முதலில் தின்கின்றது. வருடத்துக்கு ஒரு முறை கால்தட்டைக் கழற்றி, அடியில் அப்பியிருக்கும் செம்மண்ணைச் சுரண்டி, துருவுக்கு மருந்திட்டு வையுங்கள். தண்ணீர் பீச்சும் இயந்திரத்தைச் சக்கர அச்சுகளின்மேலும், பெல்ட் பெட்டியின் காற்றுத் துவாரத்தின்மேலும் நேராகப் பிடிக்க விடாதீர்கள். 2017 மே மாதத்தில் வந்தது போன்ற வெள்ளத்தில் வண்டி மூழ்கினால், வடிந்தவுடன் ஆவலாய்ச் சாவியைத் திருப்பவேண்டாம். இரண்டு ஒயில்களையும், வடிகட்டியையும் மாற்றி, பிளக்கைக் கழற்றி உள்ளே நின்ற நீரை வெளியேற்றிய பின்னரே எழுப்பவேண்டும்.

இப்போது சகோதரிக்கு நமது விடை. வண்டியை விற்கவேண்டாம். இந்த மாதச் சம்பளத்தில் பிரேக் சூக்களையும், தேய்ந்திருந்தால் பின் டயரையும் மாற்றுங்கள். அதோடு எஞ்சின் ஒயிலும் கியர் ஒயிலும். அடுத்த மாதம் பெல்ட்டும் உருளைகளும். அதற்கடுத்து வால்வு இடைவெளியும் அழுத்தப் பரிசோதனையும். புகை குறையாவிட்டால் அப்போது வால்வு முத்திரைகள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையிலிட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் உடைமையைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டியதில்லை; மாற்றியது உண்மைதானா என்பதற்கும் அது சாட்சி. சட்டம் துருவேறி அறுந்திருந்தாலோ, எஞ்சினின் உருளையறை ஆழக் கீறியிருந்தாலோ மட்டும் விற்பதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் பழைய வண்டியை மாற்றி இன்னொரு பழைய வண்டி வாங்குவதானால், மீற்றரை நம்பாதீர்கள். கால்தட்டு இறப்பரும், பிரேக் கைப்பிடியும், சாவித் துவாரத்தின் விளிம்பும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். மீற்றரைப் பின்னே திருப்பத் தெரிந்தவர்களுக்கு இவற்றைத் திருப்பத் தெரியாது.

கடைக் கணக்கு எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கங்களை வண்டிக்கு ஒதுக்கிவிடுங்கள். திகதி, மீற்றர் இலக்கம், செய்த வேலை, கொடுத்த பணம் ஆகியன போதும். வடித்த பழைய ஒயிலை லயத்துக் கானிலோ ஓடையிலோ ஊற்றவேண்டாம். கீழே உள்ளவர்கள் அந்த நீரிலேதான் குளிக்கின்றனர். மூடியுள்ள கலனொன்றில் சேர்த்து, அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது அங்குள்ள பீப்பாயில் ஊற்றிவிட்டு வாருங்கள்.

பற்றரியைப் பற்றி அன்பர்கள் இருவர் கேட்டிருப்பவற்றை அடுத்த கிழமை கவனிப்போம்.